ஆஸ்பத்திரி இடம்பெயர்ந்த நாள்

"நான் விடமாட்டன் அன்ரி. என்னை வெட்டிப் போட்டுட்டுக் கொண்டு போகச் சொல்லுங்கோ."

கண்ணாடிப் பெட்டியின் கம்பியைத் தர்சினி இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். விலக்க வந்த தாதியின் கையை முழங்கையால் தட்டிவிட்டாள். பெட்டிக்குள்ளே அவளுடைய மகள் கிடந்தாள். பிறந்து பத்தொன்பது நாள். மாதம் நிறையாமல் வந்த பிள்ளை. இன்னும் ஒரு கிலோ இல்லை. வாயில் மூச்சுக் குழாய், பாதத்தில் சிவப்பாக ஒளிரும் சின்ன விளக்கு. அந்தப் பாதம் என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

பெட்டியைச் சுற்றி ஒரு டொக்டர், இரண்டு தாதிகள், மூச்சு மெஷினைப் பார்க்கும் இளைஞர் ஒருவர். நான் உட்பட எல்லோரும் அன்றைக்கென்று தந்த ஒரே செம்மஞ்சள் நிற மேற்சட்டை போட்டிருந்தோம். ஜன்னலால் எட்டிப் பார்த்தால் கீழே அம்புலன்ஸ்கள் மலைச்சரிவு முழுவதும் வரிசையாக நின்றன. ஞாயிற்றுக்கிழமைக் காலை. வெயில் நன்றாக ஏறியிருந்தது.

பெரிய தாதி மொனீக் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"யோகா, இவள் என்ன சொல்கிறாள்?"

என் முழுப் பெயர் யோகேஸ்வரி. ஆஸ்பத்திரியில் யோகா. நான் உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பவள் இல்லை, குழந்தைகள் வார்டைத் துப்புரவாக்குபவள் என்று எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். தமிழ்த் தாய்மார் வந்தால் மட்டும் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவேன்.

"பிள்ளையைத் தர மாட்டாளாம்" என்றேன்.

இங்கிலிஷ் ஆஸ்பத்திரி

மிச்சத்தைச் சொல்வதற்கு முன், அன்று நாங்கள் காலி செய்துகொண்டிருந்த அந்தக் கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அதற்கு ஒரு முறையான பெயர் உண்டு. எங்கள் ஆட்கள் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. 'இங்கிலிஷ் ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள். மொன்றியலில் எல்லாமே இரண்டிரண்டு. மொழி இரண்டு, பள்ளிக்கூட முறை இரண்டு, ஆஸ்பத்திரியும் இரண்டு வகை. பிரெஞ்சு ஆஸ்பத்திரிகளைக் கன்னியாஸ்திரிகள் தொடங்கினார்கள். இங்கிலிஷ் ஆஸ்பத்திரிகளை ரயிலிலும் கப்பலிலும் பணம் பார்த்த ஸ்கொட்லாந்துக்காரர்கள் கட்டினார்கள். அவர்களுக்குச் சாம்பல் கல் என்றால் ஆசை போலிருக்கிறது. சுவரின் பருமன் என் கை நீளம். குளிர்காலத்தில் அந்த ஜன்னல் திட்டில் சாப்பாட்டுப் பெட்டியை வைத்தால் குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை.

கீழ்த் தளத்து நடையில் பழைய படங்கள் தொங்கின. குதிரை இழுக்கும் சறுக்கு வண்டியில் கம்பளிக்குள் சுற்றிய நோயாளி. அதுதான் அந்தக் காலத்து அம்புலன்ஸ். இன்னொரு படத்தில் மேல்மாடத்தில் கட்டில்கள், கட்டில்களின்மேல் பனி, பனிக்கு நடுவே முகங்கள். காசநோய்க்காரரைக் குளிர்காற்று குணமாக்கும் என்று நம்பிக் கட்டிலோடு வெளியே தள்ளி வைப்பார்களாம். அந்தப் படத்தில் ஒருத்தி சிரித்துக்கொண்டிருக்கிறாள். துடைக்கும்போதெல்லாம் நின்று பார்ப்பேன்.

குழந்தைகள் வார்டின் சுவரில் பித்தளைத் தகடுகள் வரிசையாக இருந்தன. பிள்ளையைப் பறிகொடுத்த பணக்காரப் பெற்றோர், அந்தப் பிள்ளையின் பெயரில் ஒரு தொட்டிலை ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பது அப்போதைய வழக்கம். ஏழைப் பிள்ளை ஒன்று அதில் படுக்கும். தொட்டில்கள் எப்போதோ போய்விட்டன. தகடுகள் மிஞ்சின. 'நான்கு வயதில் எங்களைவிட்டுப் போன எங்கள் சின்ன மகளுக்காக' என்று ஒன்றில் எழுதியிருந்தது. கிழமைக்கு ஒருமுறை அதை மினுக்குவது என் வேலை. யாரோ, எப்போதோ, இந்த மலைச்சரிவின் பெரிய மாளிகைகளில் ஒன்றுக்குள் இருந்து அழுதிருக்கிறார்கள். அவர்களுடைய மாளிகை மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் அறைகளாகிப் போன பிறகும், யாழ்ப்பாணத்தில் பிறந்த நான் அந்தப் பிள்ளையின் பெயரைப் புளிப்புத் திரவம் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தேன்.

லொக்கர் கதவு

நான் ஐஸில் வழுக்கி விழுந்த கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் படித்துவிட்டுத் தொலைபேசியில் விசாரித்தவர்களுக்கு: கால் சுகம். அன்று என் கையில் இருந்த முட்டைப் பெட்டிதான் தப்பவில்லை.

நான் இந்த ஊருக்கு வந்து இறங்கியது பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில். மூன்றாம் மாடி வீடு, ஐந்து பேர், ஒரு குசினி. பிரெஞ்சு ஒரு சொல் தெரியாது. ஊரில் பாடசாலை ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தவள் என்பதால் கொஞ்சம் இங்கிலிஷ் வரும். காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உள்ள பிரெஞ்சு ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு மலையைச் சுற்றி இரண்டு பஸ் எடுத்து இங்கிலிஷ் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்படி ஒரு நாள் காய்ச்சலோடு போனவள்தான் சுவரில் ஒட்டியிருந்த வேலை அறிவித்தலைப் பார்த்தேன்.

எனக்குத் தந்த லொக்கரின் கதவில் என் பெயரை ஒட்டினார்கள். ஆஸ்பத்திரி மாறப் போகிறது என்றதும் அதைக் காலி செய்யச் சொன்னார்கள். ஒட்டியிருந்த தாளைக் கத்தியால் சுரண்டினேன். என் பெயருக்குக் கீழே ஒரு போர்த்துக்கேயப் பெயர் இருந்தது. அதற்குக் கீழே கூலா என்ற கிரேக்கப் பெண்ணின் பெயர். அவர் எனக்குத் தெரிந்தவர். எங்களுக்கு முன் பார்க் எக்ஸ்டென்ஷன் முழுவதும் அவர்களுடைய ஆட்கள்தான். இப்போது நாங்கள் மரக்கறி வாங்கும் கடை அப்போது அவருடைய மாமாவின் இறைச்சிக் கடை. கூலாவுக்குக் கீழே ஒரு இத்தாலியப் பெயர். எல்லாவற்றுக்கும் அடியில், தாள் இல்லாமல் வெள்ளைப் பெயின்ற்றால் நேரே இரும்பில் எழுதிய ஒரு ஐரிஷ் பெயர்.

தரையில் குந்தி இருந்துவிட்டேன். இந்த நகரத்துக்கு யார் யார் எந்த வரிசையில் வந்து சேர்ந்தார்கள் என்று எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. துப்புரவுக்காரரின் லொக்கர் சொன்னது.

அந்தச் சொல்

ஆஸ்பத்திரியை நகரத்தின் மறுபக்கத்தில் கட்டிய புதிய கட்டடத்துக்கு மாற்றுவது என்று முடிவாகி, அதற்குப் பொறுப்பாக டொறத்தி என்ற ஒரு பெண் வந்தார். உயரமானவர், குட்டை வெள்ளை முடி, இடுப்பில் எப்போதும் இரண்டு வோக்கி டோக்கி. எல்லா நோயாளிகளையும் ஒரே நாளில், ஒருவர் பின் ஒருவராக, சில நிமிட இடைவெளியில் கொண்டுபோவோம் என்று கூட்டத்தில் சொன்னார்.

பல மாதம் ஒத்திகை நடந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மையை வைத்து மாடியிறக்கிப் பார்த்தார்கள். வளர்ந்த நோயாளிகளுக்குப் பதிலாக எங்களையே படுக்கவைத்தார்கள். எனக்கு 'இதய நோயாளி' என்று அட்டை மாட்டிக் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். அவ்வளவு சுகமாக நான் அந்த ஆஸ்பத்திரியில் ஒருநாளும் படுத்ததில்லை. வசந்தத்தில் மொன்றியல் தெருக்களின் குழிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நோயாளிகள் போகும் பாதையில் மட்டும் மாநகரசபை ஒவ்வொரு குழியையும் தேடித் தேடி நிரப்பியது.

எங்களுடன் வேலை செய்த தமிழர்கள் நாலைந்து பேர். டொறத்தி சொன்னதற்கு எங்களிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. "ஆஸ்பத்திரி இடம்பெயருதாம்" என்று சமையலறையில் வேலை செய்த ஒருவர் சொன்னார்.

எங்களுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் வேறு, சண்டை நெருங்க ஊரைவிட்டு ஓடுவது. நான் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று மழை. தெரு முழுவதும் சனம், ஒரு அடி வைக்க ஐந்து நிமிடம். எனக்கு முன்னால் ஒருவர் தன் தாயைத் தோளில் சுமந்துகொண்டு போனார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து தூக்கி வந்திருக்க வேண்டும். தாயின் கையில் ஊசி இன்னும் இருந்தது. பக்கத்தில் நடந்த பெண் சேலைன் போத்தலைத் தலைக்கு மேலே பிடித்திருந்தாள். கை மாற்றி மாற்றி, இருட்டும்வரை பிடித்திருந்தாள். பிறகு சனம் எங்களைப் பிரித்துவிட்டது. அந்தத் தாய் என்ன ஆனார் என்று தெரியாது.

நடையில்

தர்சினி பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் பக்கத்து வில்லரேயில் குடியிருந்தாள். வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. கணவன் குகன் தூரப் பயண லொறி ஓட்டுபவன், அன்று வினிப்பெக்கில் நின்றான், செவ்வாய்க்கிழமைதான் வருவான். பத்தொன்பது நாளும் அவள் அந்தப் பெட்டிக்குப் பக்கத்துக் கதிரையிலேயே இருந்தாள். பிள்ளைக்குப் பெயர் வைக்கவில்லை. கேட்டால், "பேந்து வைப்பம் அன்ரி" என்பாள்.

மாற்றும் ஒழுங்கை அவளுக்கு நான்தான் முதல்நாள் விளங்கப்படுத்தினேன். அம்புலன்ஸில் பெற்றோருக்கு இடமில்லை. ஆட்களும் மெஷின்களும் இருக்கவே இடம் காணாது. பெற்றோருக்குத் தனி பஸ். அவள் தலையாட்டினாள். நானும் நம்பிவிட்டேன். இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஏன் பிள்ளை, நேற்று ஓம் எண்டனீ தானே?" என்றேன்.

"நேற்று விளங்கேல்லை அன்ரி. இப்ப இவை வந்து, நாங்கள் கொண்டு போறம், நீங்கள் பின்னாலை வாங்கோ எண்டு சொல்லேக்கை..."

கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

அப்போது டொறத்தி படியேறி வந்தார். ஒவ்வொரு நிமிடமும் எண்ணிவைத்த நாள் அது. "ஏன் நிற்கிறீர்கள்?" என்றார். மொனீக் என்னைக் காட்டினார்.

"சொல்லு பிள்ளை" என்றேன். "நீ சொல்லு. நான் இவவுக்குச் சொல்லுறன்."

தர்சினி பிள்ளையைப் பார்த்தபடியே சொன்னாள். நான் வசனம் வசனமாக இங்கிலிஷில் சொன்னேன்.

"எனக்கு அப்ப பதின்மூன்று வயசு. வன்னியிலை. அப்பாவுக்கு ஷெல் பீஸ் பட்டு ஆஸ்பத்திரியிலை. ஆஸ்பத்திரி எண்டால் பள்ளிக்கூடம்தான், வாங்குகளைச் சேர்த்துக் கட்டிலாப் போட்டிருந்தது. பேந்து அங்கையும் ஷெல் விழத் தொடங்கீட்டுது. ஆஸ்பத்திரியை மாத்துறம், காயக்காரரை ட்ரக்டரிலை ஏத்துறம், நீங்கள் பின்னாலை வாங்கோ எண்டிச்சினம். அம்மாவும் நானும் அப்பாவை ஏத்திவிட்டனாங்கள். அவர் கையைக் காட்டினவர். பின்னாலை நடந்து போனம். அங்கை போய்ப் பார்த்தால், அப்பா இல்லை."

"ம்" என்றேன்.

"ஒவ்வொரு மரத்துக்குக் கீழையும் பார்த்தனாங்கள். படுத்திருந்த ஆக்கள் எல்லாற்றை முகத்தையும் துணியை விலக்கிப் பார்த்தனாங்கள். ஆரும் பிழையா ஒண்டும் செய்யேல்லை அன்ரி. எல்லாரும் ஓடித் திரிஞ்சவை. ஆனால் அப்பா எங்கை எண்டு இண்டைக்கும் தெரியாது."

மரங்களைப் பற்றிய வசனத்தை என்னால் இங்கிலிஷில் சொல்ல முடியவில்லை. மொனீக் என் முதுகில் கை வைத்தார். இரண்டாம் தடவை முயன்று சொல்லி முடித்தேன்.

டொறத்தி இடுப்பில் இருந்த வோக்கி டோக்கியை எடுத்தார்.

"வரிசையை நிறுத்துங்கள்."

மறுமுனை ஏதோ கேட்டது.

"நான் சொல்லும்வரை."

கீழே மலைச்சரிவில் நின்ற அவ்வளவு அம்புலன்ஸ்களும், பாதையில் சந்திக்குச் சந்தி நின்ற பொலிசாரும், நகரத்தின் மறுபக்கத்தில் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்த புதிய ஆஸ்பத்திரியும், வில்லரேயில் இருந்து வந்த ஒரு பெண்ணுக்காக நின்றன. இப்படியும் நடக்குமா என்று இருந்தது.

டொறத்தி இன்னொரு கேள்வி கேட்டார், இந்தப் பிள்ளையின் அம்புலன்ஸில் வண்டியோட்டிக்குப் பக்கத்து ஆசனத்தில் யார் என்று. பட்டியல் வைத்திருக்கும் ஒருவர் என்று பதில் வந்தது. "அவரை இறக்கிவிடுங்கள்" என்றார். பிறகு அந்த உயரமான மனுஷி முழங்கால் மடித்து, தர்சினியின் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுவந்தார்.

"அவளை ஏற்றும்போது நீ பக்கத்தில் நிற்பாய். முன் ஆசனத்தில் இருப்பாய். உனக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருக்கிறது, திரும்பினால் அவளைப் பார்க்கலாம். இறக்கும்போதும் பக்கத்தில் நிற்பாய். உன் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அவளை யாரும் கொண்டுபோக மாட்டார்கள்."

சொன்னேன். தர்சினி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இவ பொய் சொல்லமாட்டா தானே அன்ரி?"

எனக்கு எப்படித் தெரியும்? சில மாதம் கூட்டங்களில் பார்த்த மனுஷி.

"மாட்டா பிள்ளை" என்றேன். "நானும் அடுத்த பஸ்ஸிலை பின்னாலையே வாறன்."

அவள் கையை எடுத்தாள்.

தெரு

ஊழியர்களை ஏற்றிய பஸ் அந்த அம்புலன்ஸுக்கு நேர் பின்னால் புறப்பட்டது. முன் ஆசனத்தில் இருந்தேன். சைரன் இல்லை. அம்புலன்ஸ் ஒரு ஆள் வேகமாக நடக்கிற வேகத்தில் போனது. கோட்-டெ-நெய்ஜ் பக்கமாக இறங்கும் தெருவில் இவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. ஒவ்வொரு சந்தியிலும் ஒரு பொலிஸ்காரர் கையை நீட்டி மற்ற வாகனங்களை மறித்துக்கொண்டு நின்றார். சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி நின்றார்கள். ஒரு வீட்டு பல்கனியில் கோப்பிக் கோப்பையோடு இருந்த கிழவர் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்.

பாதி வழியில் அம்புலன்ஸின் பின் விளக்குகள் சிவந்தன. நடுத்தெருவில் நின்றுவிட்டது.

எங்கள் பஸ்ஸும் நின்றது. வண்டியோட்டி, ஹெயிட்டிக்காரர், எஞ்சினை அணைத்தார். எனக்குத் தெரிந்தது இரண்டு வெள்ளைக் கதவுகள் மட்டும். அதற்குள்ளே என்ன நடக்கிறது? 'மாட்டா பிள்ளை' என்று சொன்னது நான். கும்பிடக்கூடத் தோன்றவில்லை. அந்தக் கதவுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சந்தியில் மறிக்கப்பட்ட காரில் இருந்து ஒருவர் கோபமாக இறங்கினார். பொலிஸ்காரி அம்புலன்ஸைக் காட்டி ஏதோ சொன்னார். அந்த மனிதர் அதைப் பார்த்தார். காருக்குள் திரும்பி ஏறி, கதவைச் சத்தம் கேட்காமல் சாத்தினார். இந்த ஊரில் பச்சை விளக்கு விழுந்து ஒரு நொடி தாமதித்தால் ஹோர்ன் அடிப்பார்கள். அன்று ஒரு ஹோர்ன் கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. மூன்று நிமிடம் என்று மொனீக் பிறகு சொன்னார். பிள்ளையின் மூச்சுக் குழாய் கொஞ்சம் நழுவி, ஒக்சிஜன் இறங்கியிருக்கிறது. ஓடும் வண்டியில் தொட முடியாது என்று நிறுத்தி, மூச்சு மெஷினைப் பார்க்கும் அந்த இளைஞர் சுண்டுவிரலால் பிள்ளையின் தாடையைத் தாங்கிக்கொண்டு குழாயைச் சரிப்படுத்தியிருக்கிறார்.

தர்சினி அவ்வளவையும் அந்தச் சின்ன ஜன்னலால் பார்த்திருக்கிறாள்.

"பிள்ளை நீலமாப் போச்சுது அன்ரி" என்று பிறகு ஒருநாள் சொன்னாள். "நான் கத்தேல்லை. கத்தினால் அவைக்குக் கை நடுங்கும் எண்டு வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தனான். பயம்தான். ஆனால் பார்த்தனான். என்ன நடந்தாலும் எனக்குத் தெரியும் எண்டு இருந்தது."

பின் விளக்குகள் அணைந்தன. அம்புலன்ஸ் அசைந்தது.

புதுக் கட்டடம்

புதிய ஆஸ்பத்திரி பெயின்ற் மணத்தது. வாசலில் இறங்கியதும் தர்சினியைத் தேடினேன். சொன்னபடியே பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். செருப்பு ஒன்றைக் காணவில்லை. வண்டிக்குள் கழன்றிருக்க வேண்டும். அவள் கவனிக்கவில்லை.

உள்ளே விடுவதற்கு முன் அங்கிருந்த தாதி பிள்ளையின் காலில் கட்டிய பட்டியையும் தாயின் கையில் கட்டிய பட்டியையும் சேர்த்துப் பிடித்து, இலக்கத்தை ஒவ்வொன்றாக வாசித்தார். இரண்டும் ஒன்று. பிறகு, ஒழுங்குப்படி, தாயிடம் கேட்டார். "இது உங்கள் மகள்தானா?"

நான் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். அவள் காத்திருக்கவில்லை.

"ஓம்" என்றாள். "ஓம். ஓம். என்ரை பிள்ளைதான்."

அப்படியே தரையில் இருந்து அழத் தொடங்கினாள். அந்த அழுகை பிள்ளைக்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. தாதி பதறிப் போய் என்னைப் பார்த்தார். ஒன்றும் இல்லை, விடுங்கள், அழட்டும் என்றேன்.

செவ்வாய்க்கிழமை குகன் வந்து சேர்ந்ததும் பிள்ளைக்கு ஆதிரை என்று பெயர் வைத்தார்கள். இப்போது வில்லரேயில் ஒரு கார்டறிக்கு, குழந்தைகள் காப்பகத்துக்கு, போகிறாள். என்னைக் கண்டால் "போன்ஜூர் அன்ரி" என்பாள். கண்ணாடி போடுகிறாள், மற்றப்படி ஒரு குறையும் இல்லை. தர்சினியின் தகப்பனைப் பற்றி இன்னமும் ஒரு தகவலும் இல்லை.

அன்று எனக்கு வேலை முடியவில்லை. பழைய கட்டடத்தில் இன்னும் நோயாளிகள் இருந்தார்கள். அவர்கள் போன பிறகு அறைகளைத் துடைக்க ஆள் வேண்டும். வெளியே வந்தேன். அதே பஸ் திரும்பிப் போக நின்றது. உள்ளே யாரும் இல்லை. ஹெயிட்டிக்காரர் கதவைத் திறந்து, ஏறுங்கள் மதாம் என்றார்.

ஏறி முன் ஆசனத்தில் இருந்தேன். பஸ் புறப்பட்டது. முதலாவது சந்தி வந்தது. திரும்பி வரும் வாகனங்களுக்கும் பாதையை விடவேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவு போலிருக்கிறது. பொலிஸ்காரர் கையை நீட்டினார். இரண்டு பக்கமும் கார்கள் நின்றன. அடுத்த சந்தியிலும் அப்படித்தான். அதற்கடுத்த சந்தியிலும்.

மழைக்குள் சனத்தோடு சனமாக நெரிபட்டு ஊரைவிட்டு வந்தவள், தரை துடைக்கும் யோகேஸ்வரி, வெறும் பஸ்ஸில் தனியே போகிறேன். எனக்காக ஒரு நகரம் வழிவிட்டு நிற்கிறது. செம்மஞ்சள் மேற்சட்டையின் கசங்கலை இழுத்துச் சரிசெய்தேன். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். மலையின் அடிவாரம் வரும்வரை அப்படியே இருந்தேன்.